அப்பா ஜடை பின்னும்போது தியேட்டர்ல என்ன நடக்குது?

(திரையில்: அசோக் பில்லர் பக்கம் ஒரு தியேட்டர் வாசல். ஞாயிறு மாலைக் காட்சி முடிஞ்சு கூட்டம் வெளியே வருது.)

குரல்: மனைவி இறந்துட்டாங்க, அப்பா தனியா பிள்ளையை வளர்க்கிறார். இந்த மாதிரி ஒரு படம் வந்தா வாசல்ல மைக் நீட்டுற எல்லா வீடியோவிலும் ஒரே பதில்தான்: "கண்ணுல தண்ணி வந்துடுச்சு ப்ரோ." வந்திருக்கலாம். ஆனா எந்த சீன்ல வந்துச்சு, யாருக்கு வந்துச்சுன்னு வாசல்ல நின்னா தெரியாது. குறும்படம் எடுக்கிறவங்க, விமர்சனம் பண்றவங்க, திரைக்கதை எழுதுறவங்க உள்ளே உட்கார்ந்து கூட்டத்தைப் படிக்கக் கத்துக்கணும். அது எப்படின்னுதான் இந்த வீடியோ.

(திரையில்: டிக்கெட் கவுன்ட்டர். காட்சி நேரப் பலகை.)

குரல்: வெள்ளிக்கிழமை காலை 9 மணி ஷோ இதுக்கு உதவாது. பெரிய ஹீரோ படம்னா கோயம்பேடு, வடபழனி பக்கம் அந்த ஷோ முழுக்க ரசிகர் கூட்டம். ஹீரோ மனைவி படத்துக்கு முன்னாடி உட்கார்ந்து அழுவார், பின் வரிசையிலிருந்து "தலைவா!"ன்னு விசில் பறக்கும். அதுல நடிகர் மேல இருக்கிற பாசம் தெரியும், கதை வேலை செஞ்சுதான்னு தெரியாது. ஞாயிறு மாலை ஷோ போங்க, குடும்பமா வருவாங்க. அப்புறம் ஒரு வார நாள் இரவுக் காட்சி. பக்கத்துல தெரிஞ்சவங்க இல்லாம நாலு சீட் தள்ளி உட்கார்ந்திருக்கிற மனுஷன் கொஞ்சம் தாராளமா கண்ணைத் துடைச்சுக்குவான்.

கடைசியிலிருந்து மூணாவது வரிசை, ஓரத்து சீட். முன்னாடி வரிசைகள்ல தலை அசையறது தெரியும், உங்க வரிசையில இருக்கிறவங்க முகம் பக்கவாட்டுல தெரியும். கையில சின்ன நோட்டு, பென்சில், வெளிச்சம் அடிக்காத சாதாரண கைக்கடிகாரம். போனை உள்ளேயே வைங்க. கூட்டத்தோட சத்தத்தைத்தான் பதிவு பண்றேன்னு சொன்னாலும் தியேட்டர்க்காரர் கண்ணுக்கு அது திருட்டு வீடியோதான். ஒளிப்பதிவுச் சட்டத்துல 2023-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம், தியேட்டர்ல படத்தைத் திருட்டுத்தனமா பதிவு செஞ்சா குறைஞ்சது 3 மாசம் சிறை, குறைஞ்சது 3 லட்சம் அபராதம்.

தணிக்கைச் சான்றிதழ் திரையில வர்ற நிமிஷம்தான் உங்க கணக்குல பூஜ்யம். விளம்பரம் எவ்வளவு நேரம் ஓடும்னு தியேட்டருக்குத் தியேட்டர் மாறும், அதை நம்பி ஆரம்பிச்சா ரெண்டு ஷோவோட குறிப்பை ஒப்பிட முடியாது. இடைவேளைக்கு அப்புறமும் புதுசா பூஜ்யத்திலிருந்து ஆரம்பிங்க. இருட்டுல வாக்கியமா எழுத முடியாது. சிரிப்புக்கு "சி", மௌனத்துக்கு "மௌ", போன் வெளிச்சத்துக்கு "போ", எழுந்து வெளியே போனா "எ", உச்சுக்கொட்டினா "உ". பக்கத்துல நிமிஷம். அவ்வளவு போதும்.

(திரையில்: நோட்டுப் பக்கம் நெருக்கத்தில். "14 சி", "15 மௌ", "22 உ".)

குரல்: இதுல முக்கியமானது அந்த "உ". நம்ம ஊர் கூட்டத்துக்கு ஒரு பழக்கம், பாவமா இருந்தா நாக்கால "உச்சு" கொட்டும். அம்மா இறந்ததைக் குழந்தைகிட்ட மறைக்கிற சீன்ல இதைத் தெளிவா கேட்கலாம். நிறைய பேர் இதை வெற்றின்னு குறிச்சுக்குவாங்க. எங்க கணக்குல அது பாதி வெற்றிதான். உச்சுக்கொட்டுறவர் இன்னும் வெளியே நின்னு, பக்கத்து வீட்டுக் கஷ்டத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். உண்மையிலேயே உள்ளே போயிட்டா சத்தமே வராது. பாப்கார்ன் கை நடுவுல நின்னுடும். மூக்குறிஞ்சுற சத்தமெல்லாம் சீன் முடிஞ்சப்புறம்தான் வரும். அதையும் அப்படியே நம்பாதீங்க, சென்னை தியேட்டர்ல ஏசி வைக்கிற குளிருக்குப் பாதிப் பேருக்கு சும்மாவே மூக்கு ஒழுகும். ஒரே நேரத்துல பல பக்கத்திலிருந்து வந்தா மட்டும் குறிச்சுக்கோங்க.

இன்னொரு சிக்கல், பின்னணி இசை. வயலின் ஏறும்போது கூட்டம் என்ன பண்ணுதுன்னு கேட்கவே முடியாது. இசை ஓய்ஞ்ச அடுத்த பத்து நொடியைக் கவனிங்க. அப்பவும் யாரும் அசையலைன்னா கதை பிடிச்சிருக்கு. உடனே இருமல், பேச்சு, சீட்டுக் கிறீச் வந்துட்டா அந்த சீனைத் தூக்கி நிறுத்தினது இசை.

(திரையில்: ஒரு சிறுமியின் பின்தலை. பெரிய ஆண் கை, சீப்பு, சிவப்பு ரிப்பன்.)

குரல்: இப்போ ஒரே ஒரு சீனை எடுத்துக்குவோம். அப்பா முதல் தடவையா பொண்ணுக்கு ஜடை பின்றார். இந்த வகைப் படங்கள்ல அடிக்கடி வர்ற சீன், அடிக்கடி சொதப்புற சீனும் இதுதான்.

ஸ்கூலுக்கு ரெட்டை ஜடை, மடிச்சுக் கட்டி ரிப்பன். முதல்ல வகிடு எடுக்கணும், அது கோணும். தியேட்டர்ல முதல் சிரிப்பு அங்கதான். அப்புறம் ஒவ்வொரு பக்கமும் மூணு கால் பிரிக்கணும். பிடரிகிட்ட இறுக்கமா ஆரம்பிக்கலைன்னா பத்து மணிக்குள்ள அவிழ்ந்துடும். பழகாத கை நுனியில இறுக்கும், அடியில தளர விடும். ரெண்டு ஜடையும் ஒரே உயரத்துல வராது. இதெல்லாம் அரங்கத்துல இருக்கிற ஒவ்வொரு அம்மாவோட கைக்கும் தெரியும். முதல் நாளே நடிகர் அழகா பின்னிட்டா பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சின்ன முணுமுணுப்பு வரும், அதோட அந்த அப்பா மேல இருந்த நம்பிக்கை போச்சு. அந்த சீனுக்கு மட்டும் சிகை அலங்காரக் கலைஞரை செட்டுக்கு வெளியே நிறுத்துறது நல்லது.

சரியா வந்தா வரிசை இப்படி இருக்கும்: வகிடு கோணுது, சிரிப்பு. ரிப்பன் நழுவுது, இன்னும் பெரிய சிரிப்பு. குழந்தை கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே, "அம்மா இப்படி இழுக்க மாட்டாங்க"ன்னு சாதாரணமா சொல்லுது. அரங்கம் அடங்கிடும். சிரிப்புக்காகத் தளர்ந்த மூச்சு அப்படியே சிக்கிக்கும், அதனாலதான் வலி ஆழமா இறங்குது. இங்க அப்பா முகத்துக்கு குளோசப் வெச்சு கண்ணீரைக் காட்டினா கெட்டுச்சு. அவர் அழுதுட்டா கூட்டம் அழ வேண்டிய வேலை மிச்சமாயிடும், உங்க நோட்டுல "மௌ" வர வேண்டிய இடத்துல "உ" விழும்.

2011-ல வந்த 'தெய்வத்திருமகள்' படத்தோட நீதிமன்றக் காட்சியிலயும் இதைப் பார்க்கலாம். வக்கீல்கள் வாதாடிக்கிட்டே இருக்காங்க, அப்பாவும் மகளும் தூரத்திலிருந்து சைகையில பேசிக்கிறாங்க. ரெண்டு பேரும் பேசிக்கிறதுக்கு வசனமே இல்லை.

(திரையில்: மாலை போட்ட புகைப்படம், சின்ன சிவப்பு விளக்கு.)

குரல்: அம்மாவோட மரணத்தை எங்க வைக்கிறது? டைட்டிலுக்கு முன்னாடியே வெச்சா யாரும் அழ மாட்டாங்க, அவங்களை இன்னும் தெரியாது. 'தெறி'யில, 2016, முதல்ல அப்பா-மகள் வாழ்க்கையைக் காட்டிட்டு அம்மாவை பிளாஷ்பேக்குல கொண்டு வர்றாங்க. அவங்க இருக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சே பார்க்கிறதால, காதல் காட்சிக்குள்ளயே ஒரு பதற்றம் வந்துடுது. பிளாஷ்பேக் நீண்டா ஆபத்தும் இருக்கு. "போ" குறி நிறைய விழுறது பாட்டு வர்ற இடத்துலதான்.

பொண்ணு வயசுக்கு வர்ற சீன் வந்தா தனியா கவனிங்க. பையன்கள் பக்கத்திலிருந்து ஒரு கூச்சச் சிரிப்பு வரும். அதைக் காமெடிக்குக் கிடைச்ச சிரிப்புன்னு எண்ணாதீங்க. மெடிக்கல் ஷாப்புல அப்பா தயங்குறதை ரொம்ப நீட்டினா அந்தக் கூச்சம் கேலியா மாறிடும்.

மறுமணம் பத்தின பேச்சு வந்தா அரங்கம் ரெண்டாகும். 1990-ல வசந்த் இயக்கின முதல் படம் 'கேளடி கண்மணி' இந்த முடிச்சுலதான் நின்னுச்சு. எஸ்.பி. பாலசுப்ரமணியம் மனைவியை இழந்த அப்பா, ராதிகாவோட கல்யாணத்துக்கு மகளே குறுக்கே நிற்கிறா. இன்னைக்கும் இப்படி ஒரு சீன் வந்தா பெரியவங்க அப்பா பக்கம், சின்னவங்க பொண்ணு பக்கம். ஒரு விஷயம் கவனிச்சிருப்பீங்க: அப்பா சோறு ஊட்டினா கைதட்டல், கணவனை இழந்த அம்மா அதையே செஞ்சா யாரும் தட்டறதில்லை. இதை நல்லா தெரிஞ்ச இயக்குநர் பக்கத்து வீட்டுல அப்படி ஒரு அம்மாவை வெச்சிருப்பார்.

(திரையில்: பார்க்கிங். ஹெல்மெட் மாட்டும் குடும்பம்.)

குரல்: கடைசியா வெளியே. தியேட்டர் வளாகத்துக்குள்ள மைக் வேண்டாம். 2024 நவம்பர்ல தயாரிப்பாளர்கள் சங்கம், யூடியூப் சேனல்களை உள்ளே விடாதீங்கன்னு தியேட்டர்காரங்களைக் கேட்டுக்கிச்சு. அதை விட்டாலும், முதல்ல ஓடி வர்றவங்க வண்டி எடுக்குற அவசரத்துல இருப்பாங்க. குழந்தையோட வந்தவங்க கூட்டம் குறையட்டும்னு நிதானமா வருவாங்க. அவங்களுக்காகக் காத்திருங்க. கண்ணு சிவந்திருக்கிறவர்கிட்ட மைக்கை நீட்டாதீங்க. குழந்தையோட தனியா வந்த ஒரு ஆள், அந்தக் கதையையே வாழ்றவரா இருக்கலாம். குழந்தை முகத்தைப் படம் எடுக்கவே எடுக்காதீங்க.

"படம் எப்படி?"ன்னு கேட்டா "செம"ன்னு வரும். அதுக்குப் பதிலா, "எந்த இடத்துல போன் எடுத்தீங்க?"ன்னு கேளுங்க, சிரிச்சுக்கிட்டே உண்மையைச் சொல்லிடுவாங்க. அப்புறம் இன்னொரு கேள்வி: "படத்துல அந்த அம்மா பேர் என்ன?"

அப்பா பேர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், குழந்தை பேரும் இருக்கும். அம்மா பேரைக் கேட்டதும் பக்கத்துல இருக்கிறவங்களைத் திரும்பிப் பார்த்தா, அந்தப் படத்துல அவங்க சுவத்துல மாட்டின போட்டோ மட்டும்தான். நோட்டைப் புரட்டிப் பாருங்க, பிளாஷ்பேக் ஓடின நிமிஷங்கள்ல வரிசையா "போ" இருக்கும்.