வேலிக்கு ஸ்பிரே அடிக்கிறீர்களா? பிரஷ்ஷையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் தெரிகிறதே, அந்த மரவேலியில் இடது பக்கம் நேற்று ஸ்டெயின், அதாவது மரத்துக்குள் ஊறுகிற நிறப்பூச்சு, அடித்தது, வலது பக்கம் சாம்பல் பூத்துக் கிடப்பது இன்றைக்கு அடிக்க வேண்டியது. கொஞ்சம் கிட்டே வாருங்கள், அடிக்காத பலகையை விரலால் தேய்க்கிறேன், பாருங்கள், வெள்ளிப் பொடி மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. இது வெறும் அழுக்கு இல்லை. மரநார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிற லிக்னினை வெயிலின் புற ஊதாக் கதிர் உடைத்துவிடும், அப்புறம் மேல்நார் தளர்ந்து இப்படிப் பொடியாகும். இந்தப் பொடிக்கு மேல் எவ்வளவு உசத்தியான பெயிண்ட் அடித்தாலும் பொடியோடு சேர்ந்து அதுவும் உரிந்து வந்துவிடும்.

அதனால் முதலில் கழுவ வேண்டும். பிரஷர் வாஷரில் நான் 1500 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் போவதில்லை, அதுவும் அகலமாக விசிறுகிற 40 டிகிரி நாசில்தான், ஏனென்றால் வேகம் கூடினால் மெத்தென்ற மரத்தைத் தண்ணீரே சீவி எடுத்துவிடும். பாசி பிடித்த இடத்தில் ஆக்சிஜன் ப்ளீச் போட்டுக் கழுவினேன். பிறகு நன்றாகக் காயவிடுங்கள், அவசரமே வேண்டாம். காய்ந்ததா என்று பார்க்க பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். உள்ளே இழுத்துக்கொண்டால் மரம் தயார், முத்து முத்தாக நின்றால் ஈரம் இருக்கிறது, இல்லை பழைய பூச்சு இன்னும் போகவில்லை.

பெயிண்ட்டா ஸ்டெயினா என்று கேட்டால் வேலிக்கு ஸ்டெயின்தான் என்பேன். பெயிண்ட் மேலே தோல் மாதிரி படியும், வேலிப் பலகை எல்லாப் பக்கமும் மழை வாங்குகிறது, அடியில் மண் ஈரத்தையும் இழுக்கிறது, அந்த ஈரம் வெளியே வரும்போது தோலைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். மரத்துக்குள் இறங்குகிற ஸ்டெயினில் அந்தத் தொல்லை குறைவு, பின்னால் மங்கினாலும் கழுவிவிட்டு அப்படியே இன்னொரு கோட் கொடுக்கலாம்.

சரி, ஸ்பிரேயர். இது ஏர்லெஸ், காற்றைக் கலக்காமல் பூச்சையே அழுத்தித் தள்ளுகிற வகை. பூச்சு வெளியே வருகிற முனையை டிப் என்பார்கள், அதில் 413 என்று எழுதியிருக்கிறது பாருங்கள். முதல் எண்ணை இரண்டால் பெருக்கினால், ஓரடி தூரத்தில் இருந்து அடிக்கும்போது விசிறி எத்தனை அங்குல அகலம் விழும் என்று தெரியும், இதில் 8 அங்குலம். பின்னால் இருக்கிற 13 துளையின் அளவு, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 13 பங்கு. ஸ்டெயின் தண்ணியாக இருக்கும், பெரிய துளை போட்டால் ஒழுகிவிடும்.

அடிக்கும்போது கை முதலில் நகர வேண்டும், பிறகுதான் டிரிகர். நிறுத்தும்போது முதலில் டிரிகரை விட்டுவிட்டு அப்புறம் கையை நிறுத்துங்கள். மணிக்கட்டைச் சுழற்றாமல் முழுக் கையையும் பலகைக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும், ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையின் பாதியை மூட வேண்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மூன்று பலகை அடித்ததும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக இழுத்துவிடுங்கள். போன தடவை வெறும் ஸ்பிரே மட்டும் அடித்தேன், அன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு மழைக்காலம் தாண்டியதும் கணுக்கள் இருந்த இடமும் வெடிப்புகளும் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டன. ஸ்பிரே மேலே போய் உட்காரும், மரத்தின் துளைக்குள் அதை அழுத்தி அனுப்புவது பிரஷ். பலகையின் மேல்முனையை மட்டும் இரண்டு தடவை நனையத் தேயுங்கள், மரநார் வெட்டுப்பட்டுத் திறந்திருக்கிற வெட்டுவாய் அங்கேதான் இருக்கிறது, தண்ணீர் அதிகமாகக் குடிப்பதும் அங்கேதான்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மெஷினின் அழுத்தம் 3000 பிஎஸ்ஐ வரை போகும். டிப்புக்கு முன்னால் விரல் போனால் பெயிண்ட் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். வெளியே பார்க்க முள் குத்தின மாதிரிதான் இருக்கும், வலியும் பெரிதாகத் தெரியாமல் போகலாம், ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலைமை வரலாம். பட்டால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள், என்ன பெயிண்ட் என்று காட்ட டப்பாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். டிப் அடைத்தால் டிரிகர் லாக்கைப் போட்டு, டிப்பைத் திருப்பி வைத்து, லாக்கை எடுத்து ஒரு பழைய அட்டையில் அடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கழற்ற வேண்டியிருந்தால் அழுத்தத்தை முழுதாக இறக்காமல் கை வைக்காதீர்கள். மாஸ்க்கும் கண்ணாடியும் கடைசிப் பலகை வரைக்கும் முகத்திலேயே இருக்கட்டும்.

அந்தச் செடிகளின் இலை அசைகிறது, தெரிகிறதா? காற்று எழும்பிவிட்டது. இனிமேல் அடித்தால் பாதி ஸ்டெயின் பக்கத்து வீட்டுக் கார் மேல்தான் போய் விழும். செடிகளுக்குப் போர்த்திய ஷீட்டையும் எடுத்துவிடுகிறேன், வெயிலில் உள்ளேயே வெந்துவிடும். மிச்சப் பலகைகளை நாளைக்குக் காற்று அடங்கியிருக்கிற காலை நேரத்தில் அடிக்கிறேன், கேமராவையும் வைக்கிறேன்.