8 வெள்ளிக்குத் தாலியா! (கல்யாணம் இல்லை மக்களே)

வணக்கம் மக்களே! போன வாரம் பழைய சிடி தேடிப் போய் மழையில் நனைந்து வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்துச் சிரித்தீர்கள் அல்லவா? இன்று பாருங்கள். பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில், துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கு நடுவே மெக்சிகோ பாடகி தாலியாவின் 'நந்திதோ ஆக்கோ' சிடி!

கடைக்கார பாக்சிக் (மலாய் மாமா) 15 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். நான் 5 என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூப்பிடுவார் என்று மெதுவாக நடந்தேன். கூப்பிடவே இல்லை! தேங்காய்ப்பால் ஐஸ் போட்ட ஒரு சென்டோல் குடித்துவிட்டு வெட்கமில்லாமல் நானே திரும்பிப் போனேன். 8 வெள்ளிக்கு முடிந்தது. சென்டோல் காசைச் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஆ, சொல்ல மறந்துவிட்டேன், பெட்டி மூலையில் இருந்த விரிசலைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன்.

அம்மாவுக்குப் போன் போட்டு "தாலியா கிடைச்சிருச்சு" என்றால், "யாருக்குடா கல்யாணம்?" என்கிறார். விளக்கிச் சொன்னதும், "ஓ, அந்த சீரியல்காரியா? பாடவும் செய்வாளா?" என்றார். இந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சல்! அவர் பாடகியாகத்தான் வந்தவர். மெக்சிகோவில் சின்ன வயதிலேயே குழந்தைகள் இசைக்குழு, 1986இல் திம்பிரிச்சே குழு, 1990இல் முதல் தனி ஆல்பம். 'மரியா மெர்சிடிஸ்', 'மரிமார்', 'மரியா லா டெல் பாரியோ' சீரியல்கள் எல்லாம் 1992 முதல் வந்தவை. அந்த மூன்றுக்கும் தலைப்புப் பாட்டு யார் குரல்? இவரே! நம் ஊர் சீரியல் கதாநாயகிகளுக்குச் சொந்தக் குரலில் வசனம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

ஸ்பானிய மொழிக்காரர் ஏன் இந்த சிடியில் பிலிப்பைன்ஸ் மொழியான தகலோகில் பாடினார் என்று கேட்பீர்கள். 1996இல் 'மரிமார்' பிலிப்பைன்ஸையே கட்டிப்போட்டது. அடுத்த வருடமே அவர்களுக்காக இந்த ஆல்பம். என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோ அக்கா அட்டையைப் பார்த்ததுமே பாட ஆரம்பித்துவிட்டார், நான் கேட்கக்கூட இல்லை.

1999இல் 'ரோசலிந்தா', அதுதான் கடைசி சீரியல். 2000இல் இசை நிறுவனத் தலைவர் டாமி மொட்டோலாவோடு நியூயார்க்கில் கல்யாணம். ஆமாம், அமெரிக்கப் பாடகி மரியா கேரியின் முன்னாள் கணவரேதான். அதற்குப் பிறகும் பாட்டை மட்டும் விடவில்லை, கவனித்தீர்களா? அம்மா, கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பாட்டு எப்படி இருக்கிறது? வீட்டில் சிடி பிளேயர் கிடையாது. உங்களுக்குத் தெரிந்த அதே பழைய காரில் போட்டேன். மூன்றாவது பாட்டில் நின்றது, வெளியேயும் வரவில்லை. பட்டர்வொர்த் பக்கம் பிளேயரைக் கழற்றத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். 8 வெள்ளிக்கு மேல் கேட்காதீர்கள்.