‘ஆக்‌ஷன்’ சொல்லாத டைரக்டர்

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில், ‘அன்ஃபர்கிவன்’ படம் போடுவதற்கு முன் பேசியதன் எழுத்து வடிவம். இருமலையும் மைக் தகராறையும் மட்டும் நீக்கியிருக்கிறேன்.

எல்லோருக்கும் வணக்கம். செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இன்றைய படத்தை டைரக்ட் செய்து நடித்தவர் ஹாலிவுட்டின் கிளின்ட் ஈஸ்ட்வுட். 2025 மே 31-ஆம் தேதி அவருக்கு 95 வயது நிறைந்தது. அதையொட்டி ஆஸ்திரியாவின் ‘கூரியர்’ நாளிதழில் அவருடைய பேட்டி ஒன்று வந்தது. இப்போதெல்லாம் ரீமேக்கும் தொடர் படங்களுமாகவே எடுக்கிறார்கள் என்று அதில் அவர் சலித்துக்கொண்டிருந்தார். அந்த வரிகள் உலகம் முழுக்கச் சுற்றின. நானும் நாலு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன், ஒத்துக்கொள்கிறேன். சில நாளில் அவரிடமிருந்து ஓர் அறிக்கை வந்தது. தனக்கு 95 ஆகிவிட்டது உண்மைதான், ஆனால் அந்தப் பத்திரிகைக்குத் தான் பேட்டியே கொடுக்கவில்லை, அது முழுக்கப் போலி என்று. பத்திரிகை விசாரித்துப் பார்த்தது. ஒரு நடிகரை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிப் பத்து நிருபர்கள் கேள்வி கேட்பார்களே, அந்த மாதிரி வட்டமேசைச் சந்திப்புகளில் பல வருடங்களாக அவர் சொன்னதையெல்லாம் சேர்த்துத் தைத்துப் புதுப் பேட்டியாக்கியிருக்கிறார்கள். எழுதியவரோடு இனி வேலை இல்லை என்று பத்திரிகை அறிவித்தது.

துணியெல்லாம் அவருடையதுதான், சட்டை மட்டும் அவருடையது இல்லை. ஈஸ்ட்வுட்டைப் பற்றிப் புழங்கும் துணுக்குகள் பலவும் இப்படித்தான். தனித்தனியே நிஜம், சேர்த்துப் பார்த்தால் வேறு யாரோ ஒரு ஆள் வந்து நிற்கிறார். சுருட்டைக் கடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கும் முரட்டு ஆசாமி. அந்தச் சுருட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், அவருக்குப் புகைப்பழக்கம் கிடையாது.

துணுக்குக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. 1930-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தபோது எடை 11 பவுண்டு 6 அவுன்ஸ், ஐந்து கிலோவுக்கு மேல். ஆஸ்பத்திரி நர்சுகள் ‘சாம்சன்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலை. 1951-இல் அவர் வந்த ராணுவ விமானம் பசிபிக் கடலில் இறங்கிவிட, பைலட்டும் அவரும் நீந்திக் கரையேறினார்கள். நீச்சல் வாத்தியாராக இருந்தது நல்லதாகப் போயிற்று. ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கிய பைலட்டைப் பற்றி 2016-இல் ‘சல்லி’ எடுத்தவரும் இவர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சினிமாவுக்கு வருவோம். யூனிவர்சல் ஸ்டூடியோவில் வாரச் சம்பளத்துக்குத் துண்டு வேஷங்கள் செய்துகொண்டிருந்தவருக்கு 1959-இல் ‘ராஹைட்’ என்ற தொலைக்காட்சித் தொடர் கிடைத்தது. மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போகிறவர்களின் கதை. பெரிய மந்தை, நிறையக் குதிரைகள். டைரக்டர் ‘ஆக்‌ஷன்!’ என்று கத்தினால் நடிகர்கள் அசைகிறார்களோ இல்லையோ, குதிரைகள் மிரண்டு ஓடிவிடும். இதை ஆறேழு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்த மனிதர் பின்னால் தானே டைரக்டர் ஆனபோது அந்த வார்த்தையையே விட்டுவிட்டார். ‘தயாரானதும் ஆரம்பிக்கலாம்’ என்று மெதுவாகச் சொல்வார், அவ்வளவுதான். ‘கட்’டும் கிடையாது, ‘போதும்’ என்பார். ‘சல்லி’யில் நடித்த டாம் ஹாங்க்ஸ் ஒரு டிவி நிகழ்ச்சியில் இதைச் சொல்லிவிட்டு, நடிகர்களை அவர் குதிரை மாதிரிதான் நடத்துவார் என்று சிரித்தார். நன்றாக நடத்துகிறார் என்றுதான் அதற்கு அர்த்தம். மிரளவிடாமல் பார்த்துக்கொள்கிறார்.

இன்னொன்றும் சொல்வார்கள். வெள்ளை மாளிகைக்கு ஒருமுறை விருந்துக்குப் போனவர், அங்கே பாதுகாப்பு அதிகாரிகள் காதில் கருவி மாட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் பேசிக்கொள்வதைக் கவனித்திருக்கிறார். நாட்டின் ஜனாதிபதியையே இவ்வளவு அமைதியாகக் காக்க முடிகிறது, ஒரு சினிமா எடுக்க நாம் ஏன் இப்படிக் கத்துகிறோம்? அதன்பிறகு அவருடைய படப்பிடிப்பிலும் காதுக்கருவி வந்துவிட்டது. ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போய் ‘சைலன்ஸ்! சைலன்ஸ்!’ என்ற சத்தத்தில் காது அடைத்து வந்த நமக்கு இது வேறு உலகம்.

சத்தம் இல்லை, ஆனால் வேகம் உண்டு. ஒரு டேக், மிஞ்சினால் இரண்டு. ‘இன்விக்டஸ்’ படத்தில் மாட் டேமன் இன்னொரு டேக் கேட்டாராம். எதற்கு, எல்லோருடைய நேரத்தையும் வீணாக்கவா என்று பதில் வந்ததாக டேமனே சொல்லிச் சிரிக்கிறார். ‘மில்லியன் டாலர் பேபி’ 37 நாளில் முடிந்தது. சிறந்த படம், இயக்குநர், நடிகை, துணை நடிகர் என்று நான்கு ஆஸ்கர் வாங்கியது. அப்போது அவருக்கு 74 வயது. சிறந்த இயக்குநர் விருதை அந்த வயதில் வாங்கியவர் அதற்கு முன் எவருமில்லை. விருது மேடையில் தன் அம்மாவுக்கு நன்றி சொன்னார். அம்மாவுக்கு 96, எதிரே உட்கார்ந்திருந்தார்.

இந்த வேகம் காலை வாரியதும் உண்டு. 2014-இல் வந்த ‘அமெரிக்கன் ஸ்னைப்பர்’ படத்தில் பிராட்லி கூப்பர் கையில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு பேசும் காட்சி ஒன்று இருக்கிறது. வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அது குழந்தை இல்லை, பொம்மை. அதன் கை அசைவது கூப்பர் தன் விரலால் தள்ளுவதால். ஏற்பாடு செய்திருந்த ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், மாற்றுக் குழந்தை வரவில்லை. வேறு டைரக்டராக இருந்தால் அன்றைய வேலையைத் தள்ளிவைத்திருப்பார். இவர் பொம்மையைக் கொண்டுவரச் சொல்லி எடுத்து முடித்துவிட்டார். படத்தின் திரைக்கதை ஆசிரியரே இந்தக் கதையைச் சொன்னார். உலக அளவில் 54 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம், அதில் ஒரு ரப்பர் பொம்மை! எனக்கு இது மன்னிக்க முடியாத அலட்சியமாகத்தான் படுகிறது. அவருடைய ரசிகன் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

அவரைச் சினிமாவில் நிலைநிறுத்தியது இத்தாலிய டைரக்டர் செர்ஜியோ லியோனே. 1964-இல், ‘ராஹைட்’ தொடரின் விடுமுறையில், 15,000 டாலர் சம்பளத்துக்கு ஸ்பெயினுக்குப் போய் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்தில் நடித்தார். பெரிய நடிகர்கள் சிலர் வேண்டாம் என்று விட்ட வேஷம். லியோனேவுக்கு ஆங்கிலம் வராது, இவருக்கு இத்தாலி மொழி வராது. வசனம் அதிகமாக இருக்கிறது என்று இவரே வெட்டிக் குறைத்தார். கதாநாயகன் வாய் திறக்காமல் இருந்தால்தான் பயம் வரும் என்பது அவர் கணக்கு. நம்ம ஊரில் கதாநாயகனே எழுந்து ‘வசனத்தைக் குறையுங்கள்’ என்று கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அந்தக் கதை ஜப்பானிய டைரக்டர் குரோசாவாவின் ‘யோஜிம்போ’ படத்திலிருந்து கேட்காமல் எடுத்தது. குரோசாவா கடிதம் எழுதினார்: நல்ல படம்தான், ஆனால் அது என் படம். வழக்கு வந்து, வசூலில் 15 சதவிகிதம் கொடுப்பதாகச் சமாதானம் ஆனது. அமெரிக்காவில் படம் வெளியாகவே 1967 ஆகிவிட்டது. அந்த மாதிரி கௌபாய்ப் படங்களின் வாடை நம்மூர் வரைக்கும் வீசியது. கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ படத்தில் மதுரை ரௌடி ஒருவர் ஈஸ்ட்வுட் பைத்தியமாகத் திரிவதை 2023-இல் பார்த்திருப்பீர்கள்.

கையில் காசு வந்ததும் அவர் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். பெயர் மல்பாசோ. கலிஃபோர்னியாவில் கார்மல் என்ற ஊருக்குத் தெற்கே அவர் நிலத்தில் ஓடும் ஓர் ஓடையின் பெயர் அது. ஸ்பானிய மொழியில் ‘தப்படி’ என்று அர்த்தம். இத்தாலிக்காரர் படத்துக்குப் போவது தப்பான அடி என்று சொன்னவர்களுக்குக் குத்தலாக வைத்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. 1971-இல் முதல் முதலாக டைரக்ட் செய்த ‘ப்ளே மிஸ்டி ஃபார் மீ’யையும் அந்த ஊரிலேயே எடுத்தார். அதே வருடம்தான் ‘டர்ட்டி ஹாரி’யும் வந்தது. அதன் டைரக்டர் டான் சீகல், நண்பருடைய முதல் படத்தில் மதுக்கடைக்காரராக வந்து நின்று தைரியம் கொடுத்தார்.

அந்த ஊருக்கே மேயரும் ஆனார். கட்டடம் ஒன்று கட்ட அனுமதி கேட்டபோது நகரசபை மறுத்துவிட்டதில் ஆரம்பித்த வம்பு. 1986 ஏப்ரலில் 2,166 ஓட்டு வாங்கி ஜெயித்தார். எதிராளிக்கு 799. சம்பளம் மாதம் 200 டாலர். தெருவில் கோன் ஐஸ் விற்கவிடாமல் அந்த ஊரில் ஒரு விதி இருந்தது, அதைத் தளர்த்தினார். இரண்டு வருடம் இருந்துவிட்டு, மறுபடி நிற்காமல், படம் எடுக்கத் திரும்பிவிட்டார். அரசியலைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு ஆர்வமில்லை. 2012-இல் குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில், ஒபாமா உட்கார்ந்திருப்பதாகப் பாவித்துக் காலி நாற்காலியோடு பேசியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி இன்றைக்குப் பார்க்கப்போகும் படம். இதை டேவிட் வெப் பீப்பிள்ஸ் எழுதியது 1976 வாக்கில். 80-களின் தொடக்கத்தில் ஈஸ்ட்வுட் கைக்கு வந்தது. ஒரே டேக்கில் வேலையை முடிக்கிற அவசரக்காரர் இதை என்ன செய்தார் தெரியுமா? பெட்டியில் வைத்துப் பூட்டினார். கதாநாயகன் வில்லியம் மன்னிக்கு வயதாகியிருக்க வேண்டும், எனக்கு இன்னும் அந்த வயது வரவில்லை என்றார். ஐம்பது தாண்டிவிட்டது, முகத்தில் கோடுகள் விழுந்துவிட்டன, அப்படியும் போதாது என்றார். சினிமாவில் மற்றவர்கள் வயதை மறைக்க மை பூசிக்கொண்டிருக்க, இவர் ஊறுகாய் போட்ட மாதிரி ஒரு கதையை வைத்துக்கொண்டு கிழவனாவதற்குக் காத்திருந்தார். 1991-இல், 61 வயதில், கனடாவின் ஆல்பர்ட்டா சமவெளியில் ஒரு ஊரையே கட்டி எடுத்தார். டயர் தடம் மண்ணில் விழக்கூடாது என்று அந்த ஊருக்குள் மோட்டார் வண்டிக்கே அனுமதி இல்லை.

என்னைப் பொறுத்தவரை ஈஸ்ட்வுட் என்றால் இந்தக் காத்திருப்புதான். வேகமெல்லாம் படப்பிடிப்பு ஆரம்பித்த பிறகு. அதற்கு முன்னால் எத்தனை வருடமானாலும் பொறுப்பார்.

கதையைச் சொல்லிவிட மாட்டேன், முதல் காட்சிகளை மட்டும் கவனியுங்கள். ஒரு காலத்தில் ஊரை நடுங்கவைத்த கொலைகாரர் இப்போது பன்றி வளர்க்கிறார். காய்ச்சல் கண்ட பன்றியைப் பிரித்து விரட்டப் போய்ச் சேற்றில் முகம் குப்புற விழுகிறார். துப்பாக்கியை எடுத்து ஒரு தகர டப்பாவைச் சுடுகிறார், படவில்லை. மறுபடி சுடுகிறார், படவில்லை. உள்ளே போய் ரவைத் துப்பாக்கியை எடுத்து வந்து டப்பாவைத் தூக்கி அடிக்கிறார். குதிரையில் ஏறப் பார்க்கிறார், குதிரை நழுவுகிறது. வாலிபத்தில் மிருகங்களுக்குச் செய்த பாவத்துக்கு அது பழிவாங்குகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்கிறார். முப்பது வருடமாக ஒரே தோட்டாவில் ஆளைச் சாய்த்துக்கொண்டிருந்த அதே முகம் இது. அந்த முகத்தின் பழைய படங்கள் எல்லாவற்றையும் மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சேறு உறைக்கும்.

ஷெரீஃபாக வருகிற ஜீன் ஹாக்மன் முதலில் மறுத்துவிட்டார். வன்முறைப் படங்களே வேண்டாம் என்றிருந்தவரைப் பேசிப் பேசிக் கொண்டுவந்தார்கள். துணை நடிகருக்கான ஆஸ்கரை அவர் வாங்கினார். 2025-இல் காலமாகிவிட்டார். இதில் நடித்த ரிச்சர்ட் ஹாரிஸின் கதை இன்னும் வேடிக்கை. வீட்டில் ஈஸ்ட்வுட்டின் ‘ஹை ப்ளெய்ன்ஸ் டிரிஃப்டர்’ படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் வந்ததாம், ‘நான் ஈஸ்ட்வுட் பேசுகிறேன்’ என்று. யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தாராம். படத்தின் ஆரம்பத்தில் ஒரு கித்தார் மெட்டு வரும், அதுவும் ஈஸ்ட்வுட் போட்டதுதான். சின்ன வயதில் ஓக்லண்டில் மதுக்கடையில் பியானோ வாசித்தவர்.

2013-இல் ஜப்பானியர்கள் இதே கதையைச் சாமுராய்ப் படமாக எடுத்தார்கள், கென் வாட்டனபே நடித்தார். குரோசாவாவிடம் பட்ட கடன் ஒருவழியாகத் திரும்பிப் போய்ச் சேர்ந்தது. இந்தத் தடவை வழக்கு இல்லை.

கடைசியாக எடுத்த ‘ஜூரர் 2’ 2024 நவம்பரில், அமெரிக்காவில் 50-க்கும் குறைவான தியேட்டர்களில் வெளியானது. தான் ஜூரியாக உட்கார்ந்திருக்கும் கொலை வழக்கில் குற்றவாளி தானோ என்று சந்தேகப்படும் ஒருவன் கதை. 94 வயது டைரக்டரின் படத்தை ஸ்டூடியோ அப்படி ஓரங்கட்டியது எனக்கு இன்னும் ஆறவில்லை. சரி, அதை இன்னொரு மாதம் போடுவோம், பேசுவோம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று. ஹாரிஸ் பார்த்துக்கொண்டிருந்தாரே, 1973-இல் வந்த அந்த ‘ஹை ப்ளெய்ன்ஸ் டிரிஃப்டர்’, அதில் ஒரு இடுகாடு வரும். அங்கே இருக்கும் கல்லறைக் கற்களில் செர்ஜியோ லியோனே பெயரும் டான் சீகல் பெயரும் செதுக்கியிருக்கும். இரண்டு குருமார்களும் அப்போது உயிரோடு நன்றாகத்தான் இருந்தார்கள், சும்மா ஒரு குறும்பு. லியோனே 1989-இலும் சீகல் 1991-இலும் போனார்கள். இன்றைய படம் வந்தது 1992. இதன் முடிவில், பெயர்ப் பட்டியலோடு, ‘செர்ஜியோவுக்கும் டானுக்கும்’ என்று ஒரு வரி வரும். போன மாதம் பெயர் ஓட ஆரம்பித்ததுமே பாதிப் பேர் பைக் சாவியைக் கையில் எடுத்துவிட்டீர்கள். இன்று அந்த வரி வரும்வரை யாரும் எழுந்திருக்காதீர்கள். தம்பி, லைட்டை அணைக்கலாம்.