மணல் போன வழி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். காலாப்பட்டிலும் லாஸ்பேட்டையிலும் கடலூரிலும் சிதம்பரத்திலும் இந்த வாரம் புது வகுப்பறைகளில் வந்து உட்கார்ந்திருக்கும் மாணவ மாணவியருக்கு என் அன்பான வரவேற்பு. நீங்கள் வந்திருப்பது கல்விக்குப் பழகிய மண். புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள பாகூரில் ஒரு வித்யாஸ்தானம், அதாவது ஒரு கல்லூரி, இருந்தது. அதற்கு மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்ததைப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர் செப்பேடுகள் சொல்கின்றன. அது 9ஆம் நூற்றாண்டு. மூன்று ஊர்களின் விளைச்சலில் ஒரு கல்லூரி நடந்திருக்கிறது. பாகூரின் வயல்கள் இன்றும் ஏரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. அந்த ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஆறு, வாய்க்கால், ஏரி, வயல், படிப்பு எல்லாம் ஒரே தொடர்.

இப்படிப்பட்ட தொடர்களைப் படிக்கும் அறிவியலுக்கு நிலைத்தன்மை அறிவியல் என்று பெயர். நாளைய தலைமுறையின் தேவைக்குக் குறை வைக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும் என்று ஐ.நா. அமைத்த பிரண்ட்லாண்ட் ஆணையம் 1987இல் சொன்னது. அது ஒரு கொள்கை. அதை எப்படிச் செய்வது, எதை அளப்பது, யாரைக் கேட்பது என்பதற்கு ஓர் ஆய்வுத்துறை வேண்டுமென்று 2001இல் ராபர்ட் கேட்ஸ் உள்ளிட்ட 23 அறிஞர்கள் ‘சயின்ஸ்’ இதழில் சிறு கட்டுரை ஒன்றை எழுதினார்கள். இயற்கையையும் மனித சமூகத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் படித்தது போதும், இரண்டும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எனக்கு அதில் பிடித்தது அந்த ‘குறிப்பிட்ட இடம்’தான். உங்களுக்கு அப்படியோர் இடம் பஸ் போகும் தூரத்திலேயே இருக்கிறது.

கடற்கரைச் சாலைக்குப் போயிருப்பீர்கள். காந்தி சிலைக்கு எதிரே நின்றால் கருங்கல் பாறைகளில் அலை மோதுகிற இடங்கள் நிறைய தெரியும். இந்த ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள். அங்கே அகலமான மணற்பரப்பு இருந்ததைச் சொல்வார்கள். அந்த மணல் எங்கே போயிற்று?

நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையைத் தொடுகின்றன. ஒவ்வோர் அலையும் மணலைக் கொஞ்சம் வடக்கே நகர்த்துகிறது. ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பியதும் மணல் தெற்கே போகிறது. ஆனால் தெற்கிலிருந்து அலை வரும் மாதங்களே அதிகம். அதனால் வருடக் கணக்கைப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கியே போகிறது. அளவோ லட்சக்கணக்கான கனமீட்டர்.

1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அலைத்தடுப்புகள் கட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அங்கே தடைப்பட்டது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் கரை அகலமாகிக்கொண்டே போயிற்று. வடக்கே நகரத்தின் கரை மெலிந்தது. அலை மணலை எடுத்துப் போவது நிற்கவில்லை, வந்து சேர வேண்டிய மணல்தான் வரவில்லை. செலவு பழையபடியே நடக்க வரவு நின்றுபோன வீட்டின் நிலைமைதான். தடைப்படும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு அந்தத் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. விஞ்ஞானம் தெரியாமல் நேர்ந்த இழப்பு இல்லை இது. தெரிந்ததை வருடா வருடம் செய்து முடிக்க ஓர் ஏற்பாடு இல்லாமல் நேர்ந்த இழப்பு. இது என் உறுதியான கருத்து.

நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். நகரம் தப்பியது. கல் உள்ள இடத்தில் கரை அரிக்காது, ஆனால் அந்தக் கரையிலிருந்து அடுத்த ஊருக்குப் போக மணலும் இருக்காது. அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஏறியது. அங்கும் கல். பிறகு கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். இந்த ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. தடுப்பு கட்டியது ஓர் ஆட்சிப் பகுதி, வீடு இழந்தது வேறோர் ஆட்சிப் பகுதி. அதற்கும் வடக்கே மறுபடி புதுச்சேரி வருகிறது, பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு என்று. ஆம், பல்கலைக்கழகம் இருக்கிற அதே காலாப்பட்டு.

மணல் போனால் கூடவே என்னென்ன போகும் என்பதை எந்த ஒரு துறையின் பாடப்புத்தகமும் முழுசாகச் சொல்லாது. கரைவலை இழுக்க மணல் வேண்டும். ஃபைபர் படகை ஏற்றி நிறுத்த, வலை பிரித்துச் சிக்கெடுக்க, கருவாடு காயவைக்க மணல் வேண்டும். கருவாட்டு வேலையை நம்பியிருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் இழந்த வருமானம் எந்தத் திட்ட மதிப்பீட்டின் எந்தப் பத்தியில் வரும்? பொருளியல் மாணவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

நல்ல செய்தியும் உண்டு. 2018 வாக்கில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் மூழ்கியிருக்கும் ஒரு தடுப்பை அமைத்தது. அலையின் வேகம் குறைந்து அங்கே மணல் சேர்ந்தது. பல வருடம் கழித்து அந்த இடத்தில் குழந்தைகள் மணலில் கால் வைத்தார்கள். எனக்கு அதில் அளவில்லாத மகிழ்ச்சி. ஆனால் அந்தத் துண்டுக் கரைக்கு வடக்கே இருக்கும் ஊர்களின் கணக்கு இன்னும் தீரவில்லை.

இன்னொரு இடம் சிதம்பரம் அருகே உள்ள பிச்சாவரம். சுரபுன்னைக் காடு, அதாவது மாங்குரோவ் காடு, என்றதும் படகுச் சவாரிதான் நினைவுக்கு வரும். அந்தக் காட்டில் பெரும் பகுதி ஒரு காலத்தில் பட்டுப்போய்க் கிடந்தது. மாடு மேய்க்கிறவர்களும் விறகு எடுக்கிறவர்களும்தான் காரணம் என்றே நெடுநாள் நம்பப்பட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் மண்ணைப் படித்தபோது வேறு காரணம் தெரிந்தது. பிரிட்டிஷ் காலத்திலிருந்தே காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டியிருக்கிறார்கள். வெயில் நேரடியாக விழுந்து ஈரம் வற்றி, சேற்று நிலம் தொட்டி போல உள்வாங்கியது. ஓதத்தில், அதாவது கடல்மட்டம் ஏறும்போது, உள்ளே வந்த தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கிக் காய்ந்து, உப்பு ஏறிக்கொண்டே போயிற்று. அந்த உப்பில் கன்று எப்படிப் பிழைக்கும்? மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் தினமும் வந்து போகச் செய்த பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன. வனத்துறையும் அந்தக் கழிமுகத்தை நம்பி வாழும் கிராமத்தாரும் சேர்ந்து செய்த வேலை அது. குற்றவாளிகளாகப் பார்க்கப்பட்டவர்களே காவலர்களானார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தக் காடு கிராமங்களைக் காத்தது என்று ஆய்வுகள் வந்தன. பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் 18 கடலோரக் குடியிருப்புகளின் தரவைக் கொண்டு அப்படிச் சொன்னார்கள். அதே தரவை வைத்து வேறு ஆய்வாளர்கள், தரையின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமுமே பெரும் பங்கு வகித்தன என்று மறுத்தார்கள். இரண்டு பக்கத்தையும் தேடிப் படியுங்கள். காட்டின் மேல் அன்பு இருப்பது நல்லது, ஆனால் அன்பு தரவை வளைத்துவிடக் கூடாது.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அதற்கடுத்த நாட்களில் மேற்கே பெய்த மழையால் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, பாகூரும் கடலூரும் தென்பெண்ணை வெள்ளத்தில் நின்றன. ஆற்றுக்கும் மணலைப் போலத்தான், மாநில எல்லை தெரியாது.

சட்டம் படிக்க வந்தவரே, கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது. அதன் பிறகும் கரை ஏன் கரைந்தது என்று கேளுங்கள். தமிழ் படிக்க வந்தவரே, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனவர்கள் வைத்திருக்கும் பெயர்களைத் திரட்டுங்கள். அவையும் தரவுதான். கணிதம், இயற்பியல் மாணவர்களுக்கு மணலின் நகர்வைக் கணிப்பதே வாழ்நாள் வேலையாக இருக்கும்.

எல்லோரும் சேர்ந்து இப்போதே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. கே.ஓ. எமரி என்ற கடலியலாளர் 1961இல் எழுதிய எளிய முறை. ஒரே உயரமுள்ள இரண்டு கோல்கள், மேலிருந்து கீழாக சென்டிமீட்டர் குறித்தவை, நடுவே அளந்த கயிறு. கரையில் மாறாத ஓர் அடையாளத்திலிருந்து தொடங்குங்கள். பின்கோலின் ஓரமாகப் பார்த்து, முன்கோலின் உச்சியைத் தொடுவானத்தோடு ஒரே கோட்டில் வையுங்கள். அந்தக் கோடு பின்கோலை வெட்டும் இடமே தரை இறங்கிய அளவு. குறித்துக்கொண்டு, ஒரு கயிறு தூரம் முன்னே போங்கள். மாதம் ஒரு முறை, கடல்மட்டம் இறங்கியிருக்கும் வற்றுநீர் நேரத்தில். மூன்று, நான்கு வருடப் படிப்பு முடியும்போது வாடைக்கு முன்னும் பின்னும் அந்தக் கரை என்ன ஆகிறது என்பது உங்கள் கையில் வரைபடமாக இருக்கும். வீராம்பட்டினத்தில் ஒரு குழுவும் பிள்ளைச்சாவடியில் ஒரு குழுவும் அளந்தால் இன்னும் நல்லது. போகும்போது முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லி அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அளந்ததை அவர்களிடமும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.