முதல் சம்பளம் முழுவதையும் காணிக்கையாகக் கொடுக்க வேண்டுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்கள்: "ஐயா, என் மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. முதல் மாதச் சம்பளம் முழுவதையும் முதற்பலனாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆசீர்வாதம் தங்காது என்கிறார்கள். உண்மையா?"

அந்த 'ஆசீர்வாதம் தங்காது' என்ற வார்த்தை இரண்டு நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை. மகனுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் ஒரு தாய்க்கு இந்தப் பயத்தை யார் கொடுத்தது?

சரி, முதலில் பதில். அப்படி ஒரு கட்டளை வேதத்தில் இல்லை. தசமபாகம் என்றால் பத்தில் ஒன்று. ஆனால் முதற்பலனுக்கு, அதாவது நிலத்தின் முதல் விளைச்சலான முதற்கனிகளுக்கு, மோசேயின் சட்டம் அளவு குறிக்கவில்லை. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் அதற்கு அளவில்லை என்றே சொல்கிறது. உபாகமம் 26ல் இருப்பது முதற்கனிகளைக் கொண்டுவரும் ஒரு கூடைதான். மகன் மனமுவந்து முழுவதையும் கொடுத்தால் தடுக்காதீர்கள். பயந்து கொடுக்க வேண்டாம். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று பவுல் எழுதிவிட்டார்.

இப்போது அந்தக் கூடைக்கு வருகிறேன். உபாகமத்தைப் பற்றிய என் செய்தித் தொடரைக் கேட்டவர்களுக்கு நான் எதைச் சொல்லப்போகிறேன் என்று தெரியும். பரவாயில்லை, மறுபடியும் சொல்கிறேன். கூடையைக் கொண்டுவந்தவன் கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது. வாய் திறந்து பேச வேண்டும். எங்கள் தகப்பன் நாடோடியாக இருந்தான், எகிப்தில் அடிமைகளாக இருந்தோம், கர்த்தர் எங்களைக் கொண்டுவந்தார், இதோ அவர் தந்த நிலத்தின் கனி என்று தன் கதையைச் சொல்ல வேண்டும். அளவைச் சொல்லாத சட்டம், பேச வேண்டிய வார்த்தைகளை மட்டும் வரிவரியாகச் சொல்கிறது!

மிஷ்னாவில் இதைப் பற்றி அழகான செய்திகள் இருக்கின்றன. தோட்டத்தில் முதல் அத்திப்பழம் பழுத்ததைப் பார்த்தவுடன் அதில் ஒரு கோரைப்புல்லைக் கட்டி, 'இது முதற்கனி' என்று சொல்லி வைப்பார்களாம். ஆலய மலைக்கு வந்துவிட்டால் யூதர்களை ஆண்ட அகிரிப்பா ராஜாவும் கூடையைத் தன் தோளில்தான் சுமக்க வேண்டும். அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஆரம்பத்தில், வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்த வார்த்தைகளைத் தாங்களே சொல்வார்கள். தெரியாதவர்களுக்கு மற்றவர் சொல்லிக்கொடுக்க, அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அந்த வெட்கத்தால் சிலர் கூடை கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். அதனால், தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்குமே சொல்லிக்கொடுப்பது என்று மாற்றிவிட்டார்கள். வாசிக்கத் தெரியாத ஒருவருக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று முறையையே மாற்றியிருக்கிறார்கள். இன்று நாம் காணிக்கையை வாங்கும் விதம் எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.

உபாகமம் 26ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனத்தையும் படியுங்கள். ஆலய ஊழியம் செய்யும் லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து சந்தோஷப்படு என்கிறது. முதற்பலன் கூடையைச் சுற்றிப் பயம் இல்லை, சந்தோஷம்தான் இருக்கிறது. ஆதித் திருச்சபையின் டிடாக்கே என்ற நூல், முதற்பலனைத் தீர்க்கதரிசிகளுக்குக் கொடுங்கள், தீர்க்கதரிசி இல்லையென்றால் ஏழைகளுக்குக் கொடுங்கள் என்கிறது.

சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிய ஏற்பாட்டில் 'முதற்பலன்' என்ற வார்த்தையைத் தேடிப் பாருங்கள். காணிக்கைப் பணத்தைப் பற்றி அது வரவே வராது. மரித்தோரிலிருந்து எழுந்த கிறிஸ்து முதற்பலன். நமக்குத் தந்த ஆவியானவர் முதற்பலன். யாக்கோபு நம்மையே முதற்பலன் என்கிறார். லேவியராகமம் 23ல் அறுப்பின் முதற்பலனான கதிர்க்கட்டை ஓய்வுநாளுக்கு மறுநாள் ஆசாரியன் கர்த்தருக்கு முன்பாக அசைவாட்டுவான். இயேசு எழுந்ததும் ஓய்வுநாளுக்கு மறுநாள்தான்! முதல் கட்டு வந்துவிட்டது என்றால் மீதி வயலும் அறுப்புக்கு வரப்போகிறது என்று அர்த்தம். தேவன் தம்முடைய முதற்பலனை நமக்கு முந்தியே கொடுத்துவிட்டார்.

அதனால் சம்பளம் வந்த அன்று மகனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவன் படிப்புக்கு யார் உதவினார்கள், எந்த மாதம் கையில் ஒன்றுமில்லாமல் இருந்தீர்கள், அப்போது கர்த்தர் எப்படி நடத்தினார் என்று சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகு, எவ்வளவு கொடுப்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.