ரேடியேஷனுக்கு முன்னால் குமிழி ஊசி

[காட்சி: எம்.ஆர்.ஐ. அறை. நோயாளி படுக்கையோடு உள்ளே நகர்கிறார்.]

கனடாவின் டொராண்டோ நகரில் சன்னிபுரூக் மருத்துவமனை. புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சைக்கு வந்தவர்களில் சிலருக்கு, ஆய்வின் ஒரு பகுதியாக, முதலில் நரம்பில் ஓர் ஊசி போடுகிறார்கள். அதில் உள்ளே போவது ஏராளமான வாயுக் குமிழிகள்.

ரத்தத்தில் காற்று புகுந்தால் ஆபத்து என்று கேட்டிருப்பீர்கள். உண்மைதான், ஆனால் இவை சில மைக்ரான் அளவே இருக்கும். சிவப்பணுவைவிடச் சின்னவை. மெல்லிய கொழுப்பு உறைக்குள் எளிதில் கரையாத வாயு. கொஞ்ச நேரத்தில் மூச்சோடு வெளியேறிவிடும். இதயத்தை எக்கோ எடுக்கும்போது படம் தெளிவாகத் தெரிய இதே குமிழிகளைப் பல வருடங்களாகவே பயன்படுத்துகிறார்கள்.

[காட்சி: ரத்தக்குழாயின் உட்புறம், அனிமேஷன்.]

குமிழிகள் உடல் முழுக்கச் சுற்றும். ஆனால் அல்ட்ராசவுண்டைக் கட்டியின்மேல் மட்டும் குவிப்பார்கள். அலை பட்ட இடத்தில் குமிழி, மழைக்காலத் தவளையின் தொண்டை மாதிரி, உப்பி உப்பிச் சுருங்கும். அந்த அதிர்வில் ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் அடிபட்டு, செராமைடு என்ற கொழுப்புப் பொருள் அங்கே சேரும். செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள அதுதான் சைகை. அப்புறம் ரேடியேஷன்.

சரி, புற்றுச்செல்லை விட்டுவிட்டு ரத்தக்குழாயை ஏன் அடிக்க வேண்டும்? எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான். 2003-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மைய ஆய்வாளர்கள் எலிகளை வைத்து ஒரு விஷயத்தைக் காட்டினார்கள்: கதிர்வீச்சுக்குக் கட்டி எவ்வளவு பணிகிறது என்பதில் அதன் ரத்தக்குழாய்ச் செல்களின் சாவுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தச் செல்கள் சாக ஒரே தடவையில் சுமார் 8 முதல் 10 கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வேண்டும். வழக்கமாக ஒரு நாளைக்குக் கொடுப்பதோ 2 கிரே அளவுதான். மீதி வேலையைக் குமிழிகள் செய்கின்றன.

கிரெகரி சர்னோட்டாவின் சன்னிபுரூக் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், எலியில் வளர்த்த மனித புராஸ்டேட் கட்டிகளில் குமிழி, கதிர்வீச்சு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது செல் சாவு 10 மடங்குக்கு மேல் கூடியது.

எலியில் 10 மடங்கு என்றால் மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சிக்கலும் இருக்கிறது. கதிர்வீச்சு நன்றாக வேலை செய்ய ஆக்சிஜன் தேவை. அதைக் கொண்டுவரும் குழாயையே சிதைத்துவிட்டால், அடுத்தடுத்த நாள் சிகிச்சை பலவீனமாகாதா? எந்த நேரத்தில், எத்தனை தடவை குமிழி கொடுப்பது என்பதை அதனால்தான் கவனமாகப் பார்க்கிறார்கள்.

[காட்சி: எம்.ஆர்.ஐ. திரையில் மார்பகக் கட்டி.]

மனிதர்களில் மார்பகம், தலை, கழுத்துப் புற்றுநோய்களில் முயன்றிருக்கிறார்கள். எல்லாம் சின்ன ஆய்வுகள். பாதுகாப்பானதா என்பதுதான் அவற்றின் முதல் கேள்வி. வழக்கமான சிகிச்சையாக இது இன்னும் வரவில்லை. சாதாரண ஸ்கேன் எடுத்தாலே கட்டி கரையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எல்லாக் கட்டிக்கும் இது எட்டாது. மார்பகம் தோலுக்குப் பக்கத்தில் இருப்பதால் வசதி. நுரையீரல் அப்படியில்லை. குமிழி வாயுவை ஆட்டிவைக்கும் அதே அல்ட்ராசவுண்ட், நுரையீரல் நிறைய இருக்கும் காற்றைத் தாண்டிப் போகாது.