முடிவு தெரியாத நாளைப் பற்றிக் கேளுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

சாதித்தவர்களை அழைத்து வந்து, அவர்களுடைய வேலையையும் வாழ்க்கையையும் பற்றிப் பேச வைக்கும் கூட்டங்களை இருபது வருடங்களுக்கு மேலாக நடத்தி வருகிறேன். இனிமேல் அப்படிப்பட்ட கூட்டங்களை நடத்தப் போகிறவர்கள் நீங்கள். மேடை ஏற்பாடு, அழைப்பிதழ், வரவேற்புரை எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் தலைமைச் செவிலியராக ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்திருந்தோம். பெரிய மருத்துவமனை ஒன்றில் நூற்றுக்கணக்கான செவிலியர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். போனில் பேசும்போது, "பழைய டைரி, கடிதம் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்களேன்" என்று சொல்லி வைத்தேன். அதற்கு முன் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கு ஏதோ தோன்றியது, கேட்டேன்.

அவர் கைப்பையிலிருந்து எடுத்தது உள்ளங்கை அளவு நோட்டு. அட்டை பிய்ந்திருந்தது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். முப்பது வருடங்களுக்கு முன், வார்டுக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற காலத்தில் எழுதியது. நின்றுகொண்டே எழுதியதால் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு பக்கத்தைத் திருப்பி வாசித்தார். இரவு மூன்று பத்துக்குக் கரண்ட் போகிறது. ஜெனரேட்டர் ஓடவில்லை. வென்டிலேட்டரில் இருந்த இரண்டு நோயாளிகளுக்கும் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்கிறார்கள். அவர்களை வேறு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும், அதற்குத் தலைமை மருத்துவரின் உத்தரவு வேண்டும். நோட்டில் அடுத்த வரி, "மூன்று முப்பது. போன் செய்தேன்."

அங்கே நிறுத்தினார். நோட்டை மூடாமல், விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தக் கதையை எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கேன். கரண்ட் போன உடனே போன் பண்ணிட்டேன்னுதான் சொல்லுவேன். நேத்து ராத்திரி இந்த நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தப்புறம்தான் தெரியுது, இருபது நிமிஷம் கழிச்சுத்தான் பண்ணியிருக்கேன்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பயிற்சிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள். "மேடம், அந்த இருபது நிமிஷம் ஏன்?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவரை எழுப்ப பயந்தேன்மா. தூக்கத்துல எழுப்பினா சத்தம் போடுவார்."

இரண்டு நோயாளிகளும் பிழைத்துவிட்டார்கள். ஆனால் அன்று அரங்கில் இருந்தவர்கள் இன்றைக்கு என்னைப் பார்த்தாலும் பேசுவது அந்த இருபது நிமிடத்தைப் பற்றித்தான். அவருக்கு வந்த விருதுகளின் பட்டியலை நான்தான் அறிமுக உரையில் வாசித்தேன். அது யாருக்கும் நினைவில்லை. எனக்கே நினைவில்லை. மேலே இருப்பவரிடம் கெட்ட செய்தி சொல்லப் பயந்து, நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்த அனுபவம் அந்த அரங்கில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்! அந்தப் பயத்தைத் தாண்டி வந்த ஒருவர், அது எப்படி இருந்தது என்று நேரில் சொல்கிறார். இதற்காகத்தான் ஒரு மனிதரை நேரில் அழைக்கிறோம். மற்ற எல்லாம் அவருடைய வாழ்க்கைக் குறிப்பிலேயே இருக்கிறது.

அந்த அம்மா இத்தனை காலம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மனித நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் பயணம் போனார். அவர் புறப்படும் முன்பே பரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் சில கேள்விகள் கேட்டார்கள். நிக்சன் மாவோவைச் சந்திப்பாரா? இது நடக்க எவ்வளவு வாய்ப்பு, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு? பயணம் முடிந்த பிறகு, "அன்றைக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், நினைவிருக்கிறதா?" என்று அதே மாணவர்களிடம் கேட்டார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்கு, தாங்கள் உண்மையில் சொன்னதைவிட அதிக வாய்ப்புச் சொன்னதாகவே பெரும்பாலும் அவர்களுக்கு நினைவிருந்தது. 1975-ல் இந்த ஆய்வு வெளியானது. முடிவு தெரிந்தவுடன், "இது எனக்கு அப்போதே தெரியும்" என்று மனம் பழைய கணக்கைத் திருத்தி எழுதிவிடுகிறது.

சில மாதங்களுக்கு முன் சொன்ன பதிலுக்கே இந்தக் கதி என்றால், முப்பது நாற்பது வருட வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துச் சொல்கிறவருக்கு? அவர் கதையில் தயங்கிய இடம் மறைந்துபோகும். அதிர்ஷ்டம் மறைந்துபோகும். கூட நின்றவர்கள் மறைந்துபோவார்கள். ஒரு நேர்கோடுதான் மிஞ்சும். கேட்டுக்கொண்டிருக்கிற இருபது வயதுப் பிள்ளை, "என் வாழ்க்கை இப்படி நேராக இல்லையே, அப்போது நான் இதற்கெல்லாம் லாயக்கில்லை போலிருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். இதுதான் எனக்குத் தாங்காத விஷயம். ஊக்கம் கொடுப்பதற்காக நடத்துகிற கூட்டத்திலிருந்து ஒரு பிள்ளை மனம் சுருங்கிப் போவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீவ் ஜாப்ஸ் 2005 ஜூன் 12 அன்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பேசியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் இருந்த தாளைப் பார்த்து, மூன்றே மூன்று கதைகளை வாசித்தார். முதல் கதை இது: ரீட் கல்லூரியில் படிப்பைப் பாதியில் விட்டது, அப்புறம் சும்மா போய் உட்கார்ந்த, அழகாக எழுதக் கற்றுத்தரும் எழுத்தணி வகுப்பு, பத்து வருடம் கழித்து மெக்கின்டாஷ் கணினியின் எழுத்துருக்களில் அது உதவியது. புள்ளிகளைப் பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் இணைக்க முடியும், முன்னால் பார்த்து முடியாது என்றார். பலர் இதை ஆறுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் ஒருநாள் சேர்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கையாக. எனக்கோ கூட்டம் நடத்துகிறவர்களுக்கு அவர் விட்ட எச்சரிக்கையாகத்தான் அது கேட்கிறது. மேடையில் நிற்பவர் பின்னால் பார்த்துப் பேசுகிறார். நாற்காலியில் இருப்பவருக்கோ எல்லாமே முன்னால் கிடக்கிறது. இந்த இரண்டு பேரும் சந்திக்கிற ஒரே இடம், பேசுகிறவருக்கும் முடிவு தெரியாமல் இருந்த ஒரு நாள். அந்த நாளுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவதுதான் உங்கள் வேலை.

அப்துல் கலாம் அந்த நாளுக்குத் தானாகவே போவார். 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி-3 ஏவுகலனின் முதல் ஏவுதல். திட்ட இயக்குநர் கலாம். ஏவுவதற்குச் சற்று முன் கணினி, வேண்டாம் என்று நிறுத்தி வைக்கிறது. பக்கத்தில் இருந்த நிபுணர்கள், போகலாம், சமாளித்துவிடலாம் என்கிறார்கள். கலாம் கணினியை மீறி ஏவுகிறார். முதல் கட்டம் சரியாகப் போகிறது. இரண்டாம் கட்டத்தில் கோளாறு. ஏவுகலன் வங்கக் கடலில் விழுகிறது. இதை அவர் எத்தனை மேடையில் சொல்லியிருப்பார்! முடிவெடுத்தது நான்தான் என்பதை மறைக்காமல் சொல்வார்.

அதன் பிறகு நடந்ததுதான் அவர் சொல்ல வருகிற விஷயம். செய்தியாளர்கள் காத்திருக்கிறார்கள். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் கலாமைத் தள்ளி நிறுத்திவிட்டு, தானே போய் அவர்கள் முன் உட்கார்கிறார். தோற்றுவிட்டோம், ஆனால் என் குழுவை நம்புகிறேன், அடுத்த முறை ஜெயிப்பார்கள் என்கிறார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஏவுகலன் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்றைக்குச் செய்தியாளர் சந்திப்புக்குத் தவன் போகவில்லை. நீ போய்ப் பேசு என்று கலாமை அனுப்பினார்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. கலாம் தன் வாழ்க்கையின் பெரிய கதையைச் சொல்கிறார், ஆனால் அந்தக் கதையின் நாயகன் அவர் இல்லை. கதையைக் கேட்ட நமக்குத் தவனைத் தெரியும், கலாமைக் காப்பாற்றியது யார் என்று தெரியும். நான் கேட்ட நல்ல பேச்சுகள் எல்லாவற்றிலும் இது இருந்திருக்கிறது. ஒருவர் ஒரு மணி நேரம் தன் வாழ்க்கையைப் பேசி, இன்னொரு மனிதரின் பெயர்கூட வரவில்லை என்றால் எனக்கு உறுத்தும். அப்படிப்பட்ட இடத்தில் கேள்வி நேரத்தில் நானே எழுந்து, "அந்தச் சமயத்தில் உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்று கேட்பேன். பல பேருக்கு அந்தக் கேள்வியில் முகமே மாறிவிடும். அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பிப்பார்கள்.

கலாம் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மேலாண்மை மாணவர்கள் முன் பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் மேடையிலேயே சரிந்து விழுந்தார். 83 வயது. அந்த வயதிலும் பிள்ளைகளைத் தேடிப் பயணம் போய்க்கொண்டிருந்தார்.

சரி, யாரை அழைப்பது? இதில் நாம் எல்லோருமே ஒரு தப்புச் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். ஜெயித்து முடித்தவர்களை மட்டுமே அழைக்கிறோம். உயிர்வேதியியல் விஞ்ஞானி கேட்டலின் கரிக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹங்கேரியில் பிறந்தவர். 1985-ல் கணவரோடும் சின்ன மகளோடும் அமெரிக்காவுக்குப் போனார். கையில் இருந்த பணத்தை மகளின் கரடி பொம்மைக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுபோனார். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று உடலின் செல்களுக்குச் செய்தி கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ-வை (mRNA) மருந்தாக்க முடியும் என்று நம்பினார். ஆராய்ச்சிக்கு நிதி கிடைக்கவில்லை. 1995-ல் பதவி இறக்கப்பட்டார். சக விஞ்ஞானி ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து 2005-ல் வெளியிட்ட முக்கியமான கண்டுபிடிப்பையும் அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. தூது ஆர்.என்.ஏ வகைக் கோவிட் தடுப்பூசிகள் அதன் மேல்தான் எழுந்தன. 2023-ல் இருவருக்கும் நோபல் பரிசு. கரிக்கோவின் அம்மா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு அக்டோபரிலும் நோபல் அறிவிப்பை வானொலியில் கேட்பாராம், மகள் பெயர் வருமா என்று. பேராசிரியர் பதவிகூட இல்லாத நாட்களில் அந்த அம்மா அப்படிக் காத்திருந்தார்.

இன்றைக்கு அவரை அழைக்க எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். 2004-ல் அழைத்திருப்போமா? பதவி இறக்கப்பட்டு, நிதி இல்லாமல், விடாமல் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஐம்பது வயதை நெருங்கிய பெண்மணியை மேடையேற்றி, "எதை நம்பி இதைச் செய்கிறீர்கள்?" என்று கேட்டிருப்போமா? அந்தப் பதில் அன்றைக்குத்தான் கிடைத்திருக்கும். நோபல் வாங்கிய பிறகு அதே மனிதர் சொன்னாலும் அது வேறு பதில்தான். அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: வருடத்தில் ஒரு கூட்டத்துக்காவது, இன்னும் பாதி வழியில் நிற்கிற ஒருவரை அழையுங்கள். கூட்டம் குறைவாகத்தான் வரும். பரவாயில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கடற்படையின் கிரேஸ் ஹாப்பர், கணினி நிரலாக்கத்தின் முன்னோடி, போகிற கூட்டத்துக்கெல்லாம் ஒரு கட்டுக் கம்பித் துண்டுகளைக் கொண்டுபோவார். ஒவ்வொன்றும் முப்பது சென்டிமீட்டர் இருக்கும். ஒரு நானோ விநாடியில், அதாவது ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், மின்சாரம் அதிகபட்சமாகப் போகக்கூடிய தூரம் இவ்வளவுதான் என்று சொல்லி, கேட்க வந்தவர்கள் கையில் கொடுத்துவிடுவார். வேலையில் அவர் தினமும் மல்லுக்கட்டிய விஷயம் அப்படி மற்றவர்கள் கைக்கு வந்தது. உங்கள் விருந்தினரிடமும் ஏதாவது ஒரு பொருள் இருக்கும். கேட்டால்தான் கொண்டு வருவார்கள்.

நடைமுறையில் நான் செய்வதைச் சொல்கிறேன். அறிமுக உரை இரண்டு நிமிடம். விருந்தினர் பேச அரை மணி நேரம். கேள்விகளுக்கு அதே அரை மணி நேரம், அதை எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. நேரம் போய்விட்டது என்று கேள்விகளை வெட்டிவிட்டு நன்றியுரையை மட்டும் முழுதாக வாசிக்கிற கூட்டங்களில் நான் மனம் நொந்து உட்கார்ந்திருக்கிறேன். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே பிள்ளைகளை உட்காரவைத்து, வரப்போகிறவரின் வேலை என்ன, அதில் எது கஷ்டம் என்று பேச வைக்கிறேன். "உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?" என்ற கேள்வி அதற்குப் பிறகு வருவதில்லை. "அந்த வருஷம் ஏன் வேலையை விட்டுப் போகவில்லை?" என்று கேட்கிறார்கள்.

அப்புறம், அழைப்புக் கடிதம். இப்போதெல்லாம் அதில் ஒரு வரி சேர்க்கிறேன்: "எப்படி முடியும் என்று தெரியாத ஒரு நாளில் நீங்கள் எழுதிய தாள் ஏதாவது இருந்தால், தயவுசெய்து கொண்டு வாருங்கள்." சிலர் வெறுங்கையோடு வருகிறார்கள், அதில் தப்பில்லை. ஒருவர் அனுப்பாமலே வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தைக் கொண்டு வந்தார். மடிப்பில் கிழிந்து போயிருந்தது. அதைப் பிரிக்கும்போது அவர் கை நடுங்கியதை முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

எனக்குக் கொடுத்த அரை மணி நேரம் முடிந்தது. மீதி உங்களுடையது. ஒலிவாங்கியைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோங்கள், அங்கிருந்து ஆரம்பிப்போம்.